கன உலோகம் பட்ட வேர்: எங்கே வெட்டுவது, எதைப் பார்ப்பது

கன உலோகம் செடியை என்ன செய்கிறது என்று சோதனை செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: வேர் குட்டையாகிவிட்டது, இலை வெளிறிவிட்டது, எடை குறைந்துவிட்டது. ஸ்கேலும் தராசும் இருந்தால் இதைச் சொல்லிவிடலாம். செடி தனக்குள் என்னென்ன மாற்றிக்கொண்டது என்பது வேரைக் குறுக்கே வெட்டி ஸ்லைடில் வைத்தால்தான் தெரியும். தாவர உள்ளமைப்பியல் செய்முறை வகுப்பு எடுப்பது என் வேலை. கையால் வெட்டுவது என் பிரியம். சாதாரண நுண்ணோக்கி, புது பிளேடு, நாலைந்து சாயங்கள் இருந்தால் செய்யக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல சாயமும் நல்ல நுண்ணோக்கியும் இருந்தும் பல ப்ராஜெக்ட்களில் முடிவு தப்பாகப் போவது வெட்டிய இடத்தால்தான். உலோகம் பட்ட வேர் மெதுவாக வளர்கிறது. அப்படியானால் நுனியிலிருந்து அதே தூரத்தில் இருக்கும் செல்கள் அதிக வயதானவை. வயதான செல்லில் சுவர் தடித்திருக்கத்தான் செய்யும். அதைப் பார்த்து "காட்மியம் சுவரைத் தடிக்க வைத்தது" என்று எழுதினால், வெறும் வயதைக் காட்மியத்தின் கணக்கில் எழுதிவிட்டோம் என்று பொருள். இந்தச் சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது என்பதுதான் இந்தக் குறிப்பின் பாதி.

எந்த உலோகம்?

தாமிரம், துத்தநாகம், நிக்கல் மூன்றும் செடிக்குத் துளியளவு தேவை. அளவு மீறினால்தான் நஞ்சு. காட்மியம், ஈயம், பாதரசம் இவை செடிக்குத் தேவையே இல்லை. ஆனால் காட்மியத்துக்கு வேருக்குள் நுழையத் தனி வழி வேண்டியதில்லை. இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, கால்சியம் போகும் வழிகளிலேயே அதுவும் போய்விடுகிறது. நெல் வேரில் மாங்கனீசை உள்ளே கொண்டுபோகும் என்ராம்ப்-5 என்ற கடத்திப் புரதம்தான் காட்மியத்துக்கும் பிரதான வாசல். இரும்பின் இடத்தில் காட்மியம் போட்டி போடுவதும் ஒரு காரணமாக, இளம் இலைகள் இரும்புச் சத்து குறைந்தவை போலவே நரம்புகளுக்கு நடுவில் வெளிறுகின்றன. வெளிறலை மட்டும் வைத்து "பச்சையம் சிதைந்தது" என்று எழுதுமுன் இதை யோசியுங்கள்.

ஈயத்தின் போக்கு வேறு. பெரும்பகுதி வேரின் செல் சுவரில் பெக்டின் என்ற பசைப்பொருளோடு ஒட்டி அங்கேயே தங்கிவிடும். தண்டுக்கு ஏறுவது கொஞ்சம்தான். வெளியிலிருந்து பறித்த இலையில் ஈயம் இருந்தால், அது வேர் வழியாக வந்ததா, தூசியாகப் படிந்ததா என்று கழுவிப் பார்த்த பிறகே பேச வேண்டும். ஈயத்தில் இன்னொரு தொந்தரவும் உண்டு. முழுச் சத்துக் கரைசலில் பாஸ்பேட் இருக்கும். ஈயம் அதோடு சேர்ந்து வீழ்படிவாகிவிடும். நீங்கள் 100 மைக்ரோமோலார் போட்டதாக நினைப்பீர்கள், வேருக்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு பகுதி. அதே மாதிரி, கரைசலில் உலோகங்களைப் பற்றிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. நிறைய இருந்தால் தாமிரம் அதன் பிடியில் போய்விடும்.

அலுமினியத்தையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அதன் அடர்த்தி 2.7 தான், கன உலோகம் அல்ல. அமில மண்ணில் வேர் நுனியைக் கெடுப்பதில் மட்டும் இவற்றுக்குச் சளைத்ததில்லை.

என் பரிந்துரை: கழிவைச் சேகரித்து முறையாக அகற்ற ஏற்பாடு உள்ள ஆய்வகம் என்றால் காட்மியம் குளோரைடு. அப்படி ஏற்பாடு இல்லையென்றால் காட்மியத்தைத் தொடவே வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. தாமிர சல்பேட்டில் வேர் நுனி வீங்குவது, பழுப்பாவது, செல் இறப்பது எல்லாம் நன்றாகவே தெரியும். உப்பு எதுவானாலும் பொடியை நிறுக்கும்போது கையுறையும் முகமூடியும் வேண்டும்.

வளர்ப்பது

செடி எது என்று கேட்டால் மக்காச்சோளம் என்பேன். முதல் வேர் பருமனாக, நேராக, வேகமாக வளரும். பிளேடுக்கு நன்றாக ஒத்துழைக்கும். வெங்காய வேரும் எளிதுதான், ஆனால் ஒரே வெங்காயத்திலிருந்து வரும் வேர்களே ஒன்றுக்கொன்று வேகத்தில் மாறுபடும். செல் பிரிதலைப் பார்க்க மட்டும் வெங்காயம் போதும்.

விதைகளை ஈரமான வடிதாளில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, சுருளை நிமிர்த்தி வைத்து, இருட்டில் முளைக்க விடுங்கள். வேர் 3 செ.மீ. அளவுக்கு வந்ததும் நேராக இருப்பவற்றை மட்டும் பொறுக்கிக் கரைசலுக்கு மாற்றலாம். நாலைந்து நாள் சோதனைக்கு விதையிலிருக்கும் சத்தே போதும். அதனால் முழுச் சத்துக் கரைசலை விட்டுவிட்டு 0.5 மில்லிமோலார் கால்சியம் நைட்ரேட் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் காய்ச்சி வடித்த நீரில் செல் சவ்வு தானாகவே கெட்டுப்போகும், பிறகு எது உலோகத்தின் வேலை என்று பிரிக்க முடியாது. பி.எச். 5.5 பக்கம் நிறுத்தி, சிறு பம்ப் வைத்துக் காற்று குமிழவிடுங்கள். காற்றில்லாத நீரிலும் வேரின் உள்ளமைப்பு மாறும்.

ஸ்டாக் கரைசலை (நீர் சேர்க்கும் முன் வைத்திருக்கும் அடர்கரைசலை) 10 மில்லிமோலாராக வைத்தால் கணக்கு சுலபம். நீரேற்றம் பெற்ற காட்மியம் குளோரைடில் இரண்டரை நீர் மூலக்கூறு உள்ள வகையின் மூலக்கூறு எடை 228.35. 100 மி.லி.க்கு 0.228 கிராம். தாமிர சல்பேட் என்றால், ஐந்து நீர் மூலக்கூறு உள்ள நீல உப்பின் எடை 249.7, அதே அளவுக்கு 0.25 கிராம். புட்டியில் எந்த வகை உப்பு என்று படித்துப் பார்த்துவிட்டு நிறுங்கள். இந்த ஸ்டாக்கில் 1 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் 10 மைக்ரோமோலார். காட்மியத்துக்கு 5, 50 என்று இரண்டு அளவு போதும். ஆயிரம் மைக்ரோமோலார் போட்டு வேரைக் கொன்றுவிட்டு அதன் உள்ளமைப்பை வரைவதில் பயனில்லை. உயிரோடு இருந்து சமாளிக்கும் வேர்தான் நமக்கு எதையாவது காட்டும்.

கரைசலில் விடுவதற்கு முன் ஒவ்வொரு வேரிலும் நுனியிலிருந்து 15 மி.மீ. மேலே மெல்லிய பிரஷ்ஷால் கறுப்பு மசிப் புள்ளி ஒன்று வையுங்கள். அந்த இடம் நீண்டு முடிந்த பகுதி, இனி நகராது. பிற்பாடு புள்ளியிலிருந்து நுனிவரை அளந்து 15-ஐக் கழித்தால், உலோகத்தில் இருந்த காலத்தில் வேர் எவ்வளவு வளர்ந்தது என்று கிடைக்கும். இந்த ஒரு எண் இல்லாமல் அடுத்த பகுதியைச் செய்ய முடியாது.

வெட்டுவதற்கு முன்

மூன்று நாள் கழித்து வேரை எடுத்ததும் பிளேடைத் தேடாதீர்கள். ஒரு கறுப்புத் தாள் மேல் வைத்து லென்ஸால் பாருங்கள். உலோகம் பட்ட வேரில் நுனி பழுப்பாகியிருக்கலாம், நுனிக்குப் பின்னால் சற்றே புடைத்திருக்கலாம். செல் நீள்வது தடைப்பட்டு பக்கவாட்டில் விரிவதால் வரும் புடைப்பு அது. வேர்த்தூவிகள் நுனிக்கு எவ்வளவு பக்கத்தில் தொடங்குகின்றன, முதல் பக்கவேர் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று இரண்டையும் அளந்து எழுதுங்கள்.

பிறகு இவான்ஸ் நீலம். 0.25 சதவீதக் கரைசலில் 15 நிமிடம் முழு வேரை மூழ்க வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அரை மணி நேரம் கழுவுங்கள். உயிருள்ள செல்லின் சவ்வு இந்தச் சாயத்தை உள்ளே விடாது. செத்த செல் நீலமாகும். தாமிரம் பட்ட வேரில் நுனியும், செல்கள் நீளும் நீட்சி மண்டலமும் நீலம் பூசியது போல் வரும். இதை ஃபிக்ஸ் செய்யாத (ரசாயனத்தில் பதப்படுத்தாத) பச்சை வேரில்தான் செய்ய முடியும். ஃபார்மலினில் போட்டால் எல்லாச் செல்லும் செத்ததுதான்.

எங்கே வெட்டுவது

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கண்ட்ரோல் வேர் (உலோகம் படாதது) மூன்று நாளில் 90 மி.மீ. வளர்ந்தது, நாளுக்கு 30. காட்மிய வேர் 30 மி.மீ. வளர்ந்தது, நாளுக்கு 10. இரண்டிலும் நுனியிலிருந்து 20 மி.மீ. தூரத்தில் வெட்டினால், கண்ட்ரோலில் கிடைப்பது சுமார் 16 மணி நேரம் முன்பு நுனியில் பிறந்த திசு; காட்மிய வேரில் கிடைப்பது இரண்டு நாள் பழைய திசு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டு வித்தியாசம் காட்டுவது நியாயமே இல்லை. ஒரு நாள் வயதுள்ள திசு வேண்டுமென்றால் கண்ட்ரோலை 30 மி.மீ.யிலும் காட்மிய வேரை 10 மி.மீ.யிலும் வெட்ட வேண்டும். தோராயக் கணக்குதான்; நீட்சி மண்டலத்துக்குள் இது அப்படியே பொருந்தாது. ஆனால் அதைத் தாண்டிய பகுதிக்கு நல்ல வழிகாட்டி. இன்னொரு வழி, வேரின் மொத்த நீளத்தில் இத்தனை சதவீதம் என்று எடுப்பது: எல்லா வேரிலும் நுனியிலிருந்து 10, 25, 50 சதவீதத்தில் வெட்டலாம்.

நான் கேட்பது மூன்று வகையையும்: ஒரே தூரம், ஒரே சதவீதம், ஒரே வயது. வேலை மும்மடங்காகும் என்று முகம் சுளிப்பார்கள். செய்து பார்த்தால் எந்த மாற்றம் வளர்ச்சி குறைந்ததால் வந்தது, எது செடியின் தனி எதிர்வினை என்று அட்டவணையிலேயே பிரிந்து நிற்கும். ஒரே வயதில் வெட்டியும் உலோகம் பட்ட வேரில் அகத்தோல் (மையக் குழாய்த்திசுவைச் சுற்றி வளையமாக நிற்கும் செல் அடுக்கு) அதிகம் முதிர்ந்திருந்தால் அந்த முடிவை நம்பி எழுதலாம்.

இதைவிட அழகான வழி ஒன்று உண்டு. ஸ்லோவாக்கியாவின் கோமேனியஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் லக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் மக்காச்சோள வேரின் ஒரு பக்கம் மட்டும் காட்மியம் படும்படி வளர்த்துப் பார்த்தார்கள். காட்மியம் பட்ட பக்கத்தில் அகத்தோல் முன்கூட்டியே முதிர்ந்தது. எதிர்ப் பக்கம் பின்தங்கியிருந்தது. ஒரே வேர், ஒரே வெட்டு, ஒரே வயது. "மெதுவாக வளர்ந்ததால்தான்" என்ற ஆட்சேபத்துக்கு இடமே இல்லை. உங்கள் ஆய்வகத்தில் அகார் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். இரண்டு அகார் தகடுகள் வார்த்து, ஒன்றில் மட்டும் உலோகம் கலந்து, நடுவில் வேரைப் படுக்க வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். எடுக்கும்போது உலோகம் பட்ட பக்கத்தில் நீளவாக்கில் மசிக்கோடு இழுத்துவிடுங்கள், ஸ்லைடில் எந்தப் பக்கம் எது என்று தெரிய வேண்டும். என் மாணவர்களுக்கு ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

பிளேடு

வேரை முதலில் 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் பத்து நிமிடம் அலசி, மேலே ஒட்டியிருக்கும் உலோகத்தை நீக்குங்கள். உடனே வெட்ட முடியாதவற்றை 70 சதவீத எத்தனால் 90 பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5, ஃபார்மலின் 5 என்ற கலவையில் ஒரு நாள் வைத்து, பிறகு 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றிவிட்டால் மாதக்கணக்கில் கெடாது.

வேர் துண்டை அப்படியே விரலில் பிடித்து வெட்டினால் நசுங்கும். கேரட் துண்டை நடுவில் பிளந்து, பிளவில் வேரை நிமிர்த்தி வையுங்கள். இன்னும் நல்லது 4 சதவீத அகாரில் பதித்துச் சின்னக் கட்டையாக வெட்டிக்கொள்வது. ஷேவிங் பிளேடு புதிதாக இருக்க வேண்டும். அதன் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை முழு நீளமும் வேரின் மேல் வழுக்கிச் செல்லும்படி, உங்களை நோக்கி ஒரே இழுப்பு. அழுத்தவே கூடாது, அழுத்தினால் புறணி (புறத்தோலுக்கும் அகத்தோலுக்கும் நடுவிலுள்ள திசு) செல்கள் மடிந்து, அந்த மடிப்பை "உலோகத்தால் செல் சிதைந்தது" என்று யாராவது படம் போட்டுவிடுவார்கள். பிளேடும் கேரட்டும் எப்போதும் நனைந்திருக்கட்டும். ஐந்தாறு வெட்டு போட்டதும் பிரஷ்ஷால் வாட்ச் கிளாஸ் தண்ணீரில் தள்ளுங்கள். அதில் கண்ணாடி போல் ஒளி ஊடுருவிச் செல்லும் துண்டு ஒன்றிரண்டு இருக்கும். முழு வட்டமாக இருக்க வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். ஒரு ஓரம் மட்டும் மெல்லியதாக இருந்தாலும் அந்த ஓரம் போதும்.

பிளேடின் விளிம்பில் எந்தப் பகுதியால் வெட்டினீர்கள் என்று கவனியுங்கள். உலோகம் பட்ட வேரில் லிக்னின் என்ற கடினப்பொருள் ஏறிய சைலம் (நீர் கடத்தும் குழாய்த்திசு) இருந்தால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். கண்ட்ரோலைப் புது பிளேடிலும் காட்மிய வேரைப் பழைய பிளேடிலும் வெட்டிவிட்டு ஒப்பிடக் கூடாது.

சாயங்கள்

முதலில் டொலூடின் நீலம், 0.05 சதவீதம், ஒரு நிமிடம், பிறகு தண்ணீரில் கழுவல். லிக்னின் உள்ள சுவர் பச்சை கலந்த நீலமாகவும், பெக்டின் நிறைந்த மெல்லிய சுவர் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவும் பிரிந்து தெரியும். வெட்டு எப்படி வந்திருக்கிறது, எந்தத் திசு எங்கே என்று பார்க்க இது போதும். புறத்தோல் முழுதாக இருக்கிறதா, புறணியில் எத்தனை அடுக்கு, செல் சுருங்கியிருக்கிறதா, மையத்தில் பெரிய மெட்டாசைலக் குழாய்களின் விட்டம் எவ்வளவு என்று இந்த ஸ்லைடிலேயே அளந்துவிடலாம். உலோகம் பட்ட செடியில் சைலக் குழாய் குறுகுவது அடிக்கடி காணப்படுவது. விட்டத்தில் சிறு குறைவும் பெரிய விஷயம்: குழாயில் நீரோட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு. இலை வாடுவதன் காரணத்தை வேரில் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

அடுத்து ஃபுளோரோகுளூசினால். எத்தனாலில் கரைத்த 1 சதவீதக் கரைசலில் வெட்டை இரண்டு மூன்று நிமிடம் வைத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் லிக்னின் செக்கச்செவேல் என்று எழும். அகத்தோலின் ஆரச் சுவர்களில் சின்னச் சிவப்புப் புள்ளிகளாகக் காஸ்பேரியன் பட்டை (சுவர் வழியாக நீர் கசிவதை அடைக்கும் பட்டை) தென்படலாம். மங்கலாகத்தான் இருக்கும், உயர் உருப்பெருக்கத்தில் பொறுமையாகக் குவியத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கவர்ஸ்லிப் போடாமல் பார்க்கவே கூடாது, அமிலப் புகை லென்ஸைத் தின்றுவிடும். நிறமும் சீக்கிரம் மங்கும், உடனே படம் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது சூடான் III. 70 சதவீத எத்தனாலில் நிறைவாகக் கரைத்து வடிகட்டியதில் அரை மணி நேரம், பிறகு 50 சதவீத எத்தனாலில் ஒரு நொடி அலசல், கிளிசரினில் மவுண்ட். சூபரின் (நீர் புகவிடாத மெழுகு போன்ற பொருள்) ஆரஞ்சு சிவப்பாக வரும். இதுதான் நாம் தேடிக்கொண்டிருந்தது. அகத்தோல் மூன்று கட்டமாக முதிர்கிறது: முதலில் காஸ்பேரியன் பட்டை, அப்புறம் செல்லைச் சுற்றிச் சூபரின் அடுக்கு, கடைசியில் தடித்த சுவர். ஒவ்வொரு வெட்டிலும் அகத்தோல் வளையத்தில் மொத்தம் எத்தனை செல், அதில் சூபரின் உள்ளவை எத்தனை என்று எண்ணி சதவீதமாக எழுதுங்கள். சைலத்துக்கு நேரே இருக்கும் சில செல்கள் சூபரின் இல்லாமல் கடந்துபோகும் செல்களாக நிற்கும், அவற்றையும் குறியுங்கள். ஒளிர்வு நுண்ணோக்கி கிடைத்தால் பெர்பெரின், அனிலின் நீலம் என்ற ஜோடிச் சாயம் காஸ்பேரியன் பட்டையை இன்னும் தெளிவாகக் காட்டும்.

செடி ஏன் இதைச் செய்கிறது? புறணி செல் சுவர்கள் வழியாக நீரோடு கசிந்து வரும் உலோகம் அகத்தோலில் தடுக்கப்படுகிறது. காஸ்பேரியன் பட்டை சுவர் வழியை அடைக்கிறது, சூபரின் அடுக்கு செல் சவ்வின் வழியையும் சுருக்குகிறது. அந்த வேலியை நுனிக்கு அருகிலேயே போட்டுக்கொண்டால் திறந்த பகுதி குறையும். ஆனால் அதே வேலி கால்சியம் மாதிரியான சத்துகளின் நுழைவையும் குறைத்துவிடும். வேர் தன்னைக் காத்துக்கொள்ளும் விதமும் செடி பட்டினி கிடப்பதும் ஒரே வெட்டில் தெரிவதால்தான் எனக்கு இந்த ஸ்லைடின் மேல் இவ்வளவு பிடிப்பு.

ஒரு எச்சரிக்கை. உப்பு நீரிலும் வறட்சியிலும் இதே சூபரின் மாற்றம் வரும். ஆகவே இதைக் காட்மியத்தின் கைநாட்டு என்று எழுத வேண்டாம். வயலிலிருந்து பறித்த செடியின் வேரை மட்டும் பார்த்து மண்ணில் எந்த உலோகம் என்று சொல்லவும் முடியாது.

உலோகம் எங்கே நிற்கிறது என்று பார்க்க, உலோகத்தோடு சேர்ந்து நிறம் தரும் டைத்திசோன் உதவும். மூன்று பங்கு அசிட்டோன், ஒரு பங்கு நீர், சில சொட்டு அசிட்டிக் அமிலம், அதில் டைத்திசோன். ஃபிக்ஸ் செய்யாத பச்சை வெட்டுகளில் போட்டால் காட்மியம் உள்ள இடம் சிவப்பாகும். துத்தநாகமும் இதே மாதிரி நிறம் தரும், எனவே உலோகம் படாத கண்ட்ரோல் வெட்டை அதே கரைசலில் கூடவே போடுங்கள். நிக்கலுக்கு டைமெத்தில்கிளையாக்சைம், இளஞ்சிவப்பு நிறம்.

இலை, செல் பிரிதல்

இலையில் சுருக்கமாகச் சொல்கிறேன். இதற்கு நாலைந்து நாள் போதாது, வாரக்கணக்கில் சத்துக் கரைசலில் வளர்க்க வேண்டும். எண்ணிட்ட அதே இலையை எடுங்கள்: இங்கே மூன்றாம் இலை என்றால் அங்கேயும் மூன்றாம் இலை, அதே நடுப்பகுதி. குறுக்குவெட்டில் இலைத் தடிப்பு, இலையிடைத்திசு செல்களின் அளவு, அவற்றுக்கிடையே காற்றிடம், நடுநரம்பின் குழாய்கள் இவற்றை அளக்கலாம். பசுங்கணிகத்துக்குள் தைலகாய்டு அடுக்குகள் குலைவது எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மட்டும் தெரியும் விஷயம், சாதாரண நுண்ணோக்கியில் பார்த்ததாக எழுத வேண்டாம்.

இலைத்துளையிலும் வேரில் சொன்ன அதே சிக்கல் வரும். நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்து எண்ணுங்கள். கண்ட்ரோலில் நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் 40 துளை, 160 புறத்தோல் செல். உலோகம் பட்ட இலையில் அதே புலத்தில் 60 துளை, 240 செல் என்று வைத்துக்கொள்வோம். "துளை 50 சதவீதம் கூடியது" என்று எழுதத் தோன்றும். சாலிஸ்பரி என்ற தாவரவியலாளர் 1927-இல் தந்த இலைத்துளைக் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள்: துளைகளைத் துளைகளும் செல்களும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். இரண்டிலும் 20 தான். துளை உருவாவது மாறவில்லை, செல்கள் விரியாமல் நெருக்கமாகிவிட்டன, அவ்வளவே.

செல் பிரிதலுக்கு வெங்காய வேர் நுனி. எத்தனால் மூன்று, அசிட்டிக் அமிலம் ஒன்று என்ற கலவையில் ஃபிக்ஸ் செய்து, 60 டிகிரியில் 1 நார்மல் (1 N) செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் மென்மையாக்கி, அசிட்டோ கார்மைனில் நசுக்கிப் பாருங்கள். வெங்காயத்தில் குரோமோசோம் 16 தான், பெரிதும் கூட. ஒட்டிக்கொண்ட குரோமோசோம், பாலம், தனியே விடுபட்ட சிறு உட்கரு எல்லாம் தெளிவாகத் தெரியும். 1938-இல் லெவான் என்ற ஆய்வாளர், செல் பிரிதலைத் தடுக்கும் கால்ச்சிசினைச் சோதிக்கத் தொடங்கிய முறை இது. நஞ்சின் அளவு கூடக் கூடப் பிரியும் செல்களின் சதவீதம் குறைவதை எண்ணி வரைபடமாகப் போடலாம்.

எண்ணுவதும் எழுதுவதும்

ஒரு வேரிலிருந்து இருபது வெட்டு எடுத்தாலும் அது ஒரு செடிதான். புள்ளிவிவரக் கணக்கில் எண்ணிக்கை என்பது செடிகளின் எண்ணிக்கை. குறைந்தது ஆறு செடி, தனித்தனிப் பாத்திரங்களில் பிரித்து வளர்த்தவை. ஸ்லைடுகளில் பெயருக்குப் பதில் எண் ஒட்டி, எது கண்ட்ரோல் என்று தெரியாத ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். சூபரின் நிறம் மங்கலாக இருக்கும் செல்லில் நம் ஆசைதான் முடிவெடுக்கும், அதைத் தடுக்க வேறு வழி இல்லை. அளவெடுக்க இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்ஜே மென்பொருள் போதும். ஒவ்வொரு உருப்பெருக்கத்துக்கும் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரைப் படம் எடுத்து அளவுகோலை அமைத்துக்கொள்ளுங்கள். முடிவை எழுதும்போது ஒவ்வொரு படத்தின் கீழும் நுனியிலிருந்து எத்தனை மி.மீ., நீளத்தில் எத்தனை சதவீதம், தோராய வயது எவ்வளவு என்று மூன்றையும் போடுங்கள். இவை இல்லாத வேர்ப்படத்தை வைத்து அடுத்தவர் எதையும் ஒப்பிட முடியாது.

கழிவை அன்றன்றே கவனியுங்கள். மிச்சக் கரைசல், முதல் அலசல் நீர், வேர்த் துண்டுகள், கையுறை, வடிதாள் எதுவும் சிங்கிலோ குப்பைத் தொட்டியிலோ போகக் கூடாது. தாமிரத்துக்கும் இதே விதிதான். திரவத்துக்கு ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் கேன், திடப்பொருளுக்கு ஒரு டப்பா. இரண்டின் மேலும் உலோகத்தின் பெயர், செறிவு, தேதி எழுதி ஒட்டி, நிறுவனத்தில் ஆபத்தான கழிவுக்குப் பொறுப்பானவரிடம் ஒப்படையுங்கள். அமிலம் சேர்ந்த ஃபுளோரோகுளூசினால் மிச்சத்தையும் ஃபார்மலின் கலவையையும் அந்த கேனில் கலக்காமல் தனித்தனிப் புட்டிகளில் வையுங்கள். வளர்த்த செடிகளை உரக்குழியில் போடுவதோ மாடு கன்றுக்குக் கொடுப்பதோ கூடவே கூடாது.